ஈரம் முதலில் போகட்டும்: வெள்ளம் வடிந்த வீட்டை மீட்க 35 குறிப்புகள்

விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையை அன்றைக்கே சூளையில் அடுக்கக் கூடாது. தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். சூடு ஏறியதும் அந்த நீர் ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். பொம்மை வெடிக்கும், பக்கத்தில் அடுக்கியதையும் சேர்த்து உடைக்கும். அதனால்தான் நிழலில், காற்றில், நாள் கணக்கில் காயவிடுகிறார்கள்.

வெள்ளம் புகுந்து வடிந்த வீடும் ஒரு பச்சைப் பாண்டம்தான். தரை காய்ந்துவிடும், சுவர் வெளுத்துவிடும். செங்கல்லுக்குள்ளும் மரத்துக்குள்ளும் நீர் மாதக்கணக்கில் இருக்கும். அதை வெளியேற்றாமல் பெயின்ட் அடித்தால் உரியும், அலமாரியை மூடினால் பூசணம் பூக்கும், ஃப்ரிட்ஜைப் போட்டால் புகையும்.

கல்வராயன் மலையில் கொட்டும் மழை மணிமுக்தாறு வழியாக நம் ஊருக்கு வருகிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் விசூரையும் பெரியகாட்டுப்பாளையத்தையும் புரட்டிப்போட்ட வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் என்று கடலூர் மாவட்டம் திரும்பத் திரும்ப நனைந்திருக்கிறது. ஃபெஞ்சல் வந்த ஆண்டில் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. வருடம் முழுக்கச் செய்த விளக்கைக் காசாக்கும் அந்த இரண்டு வாரத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். தண்ணீர் வடிந்தபின் எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது என்று இங்கே வரிசையாகத் தருகிறேன்.

உள்ளே கால் வைக்கும் முன்

1. மெயின் சுவிட்சை நினைத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். மீட்டர் பெட்டி நனைந்திருந்தாலும், அதை எட்ட தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தாலும் தொடவே வேண்டாம். மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் தெருவில் கரன்ட் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் கரன்ட் இருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

2. பீங்கான் ஃபியூஸ் கட்டை நம் ஊர்ச் சரக்கு. பீங்கான் நீரைக் குடிக்காது, ஆனால் அதன் பித்தளை முனைகளில் சேறு படிந்தால் அதன் வழியே மின்சாரம் கசியும். இணைப்பு துண்டிக்கப்பட்டது உறுதியானபின் எலக்ட்ரீஷியனை விட்டுக் கட்டையைக் கழற்றி, கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டச் சொல்லுங்கள். விரிசல் விழுந்த கட்டையை மாற்றிவிடுங்கள்.

3. தண்ணீருக்குத் தப்பிய பாம்பும் பூரானும் தேளும் மேடு தேடி வரும். மடித்த பாய், செருப்பு, அரிசி மூட்டையின் அடி, கட்டில் மூலை என்று எங்கும் இருக்கலாம். நீளக் கம்பால் தட்டிப் பார்த்தபிறகே கையை நீட்டுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ நேரம் செலவழிக்காமல் 108ஐ அழையுங்கள்.

4. காஸ் வாடை அடித்தால் தீப்பெட்டி, சுவிட்ச், செல்போன் மூன்றையும் உள்ளே தொடாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906ஐ அழையுங்கள். வாடை இல்லாவிட்டாலும் சேற்றில் கிடந்த ரப்பர் குழாயை மாற்றுங்கள். ரெகுலேட்டரை ஏஜென்சி ஆள் பார்த்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

5. கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். சுவரில் நீர் நின்ற கோடு, கவிழ்ந்த பீரோ, நனைந்த மூட்டை, இடிந்த சுவர் எல்லாம் தேதியோடு போனில் இருக்கட்டும். ஃபெஞ்சலுக்குப் பின் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு 2,000 ரூபாயும், சேதமான குடிசைகளுக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலரிடமும், காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்திடமும் காட்ட இந்தப் படம்தான் சாட்சி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

6. காலுக்கு ரப்பர் பூட்ஸ், கைக்கு ரப்பர் கையுறை, மூக்குக்கு முகக்கவசம். பூட்ஸ் இல்லாதவர்கள் மூடிய செருப்பாவது போடுங்கள். பீங்கான் பட்டறை இருக்கும் தெருக்களில் சேற்றுக்குள் உடைந்த சில்லு நிறையக் கிடக்கும், கத்தி போல வெட்டும். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

சேறும் கிருமியும்

7. சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளுங்கள். வண்டல் காய்ந்தால் சிமென்ட் போல இறுகும், பிறகு கொத்தித்தான் எடுக்க வேண்டும். மண்வெட்டியால் வாரி, கட்டைத் துடைப்பத்தால் தள்ளி, கடைசியில் தண்ணீர் ஊற்றுங்கள். சுவரை மேலிருந்து கீழாகவும் தரையை உள்ளறையிலிருந்து வாசல் நோக்கியும் கழுவினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டாம்.

8. வாரிய சேற்றைத் தெருச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அடைத்துக்கொண்டு அடுத்த மழைக்கே திரும்ப வீட்டுக்குள் வரும். வாசலோரம் குவித்து நகராட்சி வண்டிக்குக் கொடுங்கள்.

9. சோப்பு முன்னே, பிளீச்சிங் பவுடர் பின்னே. சேறு இருக்கும் தரையில் பவுடரைத் தூவினால் அதன் வீரியமெல்லாம் சேற்றிலேயே தீர்ந்துபோகும். சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் கரைசல்.

10. பத்து லிட்டர் வாளிக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் தரைக்கும் சுவரின் அடிப்பகுதிக்கும் போதும். சாக்கடையோ கழிவறை நீரோ தேங்கிய இடத்துக்கு 150 கிராம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் கொஞ்சம் நீரில் குழைத்து, பிறகு முழு நீரும் ஊற்றித் தெளியவிடுங்கள். தெளிந்த நீரால் துடைத்துப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பாக்கெட்டைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடை வரவில்லை என்றால் அந்தப் பவுடர் செத்துப்போனது, பயனில்லை.

11. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இன்று ஒன்று, நன்றாகக் கழுவிவிட்டு நாளை மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12. கழிவறை நிரம்பி வழிகிறது என்று செப்டிக் டேங்கை உடனே உறிஞ்சி எடுக்கச் சொல்லாதீர்கள். சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், வெளி நீரின் அழுத்தத்தில் பக்கச் சுவர் விரிசல் விடலாம், லேசான பிளாஸ்டிக் தொட்டி மேலெழும்பவும் கூடும். நிலத்தடி நீர் இறங்கும்வரை தண்ணீரை அளந்து ஊற்றிச் சமாளியுங்கள்.

13. குடிக்கும் நீரை, அது லாரி நீரானாலும் குழாய் நீரானாலும், தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கலங்கிய நீரை மடித்த வேட்டித் துணியில் வடிகட்டித் தெளியவைத்த பிறகே கொதிக்க வையுங்கள். பல் துலக்க, காய் கழுவ, குழந்தைக்குப் பால் கலக்க எல்லாவற்றுக்கும் இந்த நீர்தான்.

14. வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்து, சேறு எடுத்து, ஊறவிட்டு மறுபடி இறைக்க வேண்டும். முதல் தடவை போடும் குளோரின் வீரியமாக இருக்க வேண்டும் என்பதால் சுகாதாரப் பணியாளரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். அதன்பிறகு தினமும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. வட்டக் கிணற்றின் கொள்ளளவு அறிய விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்குங்கள். அளவெல்லாம் மீட்டரில். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் இருந்தால் 9,420 லிட்டர், அதற்குச் சுமார் 38 கிராம். போட்டபின் ஒரு மணி நேரம் இறைக்காதீர்கள்.

அடுப்படி

15. வெள்ள நீர் தொட்ட அரிசி, பருப்பு, மாவு, மசாலா, காய்கறி, அட்டைப் பெட்டிப் பால் பவுடர் எதையும் காயவைத்து உண்ணலாம் என்று நினைக்காதீர்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அந்த நீரில் வந்தது சாக்கடையும் சேர்த்துத்தான். மாத்திரை, டானிக், இன்சுலினும் அப்படியே. நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்களுக்கு மருந்து ஒரு வேளை கூட நிற்காமல் அரசு மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.

16. எவர்சில்வர், பித்தளை, கண்ணாடி, நன்றாகப் பூச்சுக் கொடுத்த பீங்கான் எல்லாம் தப்பித்தவை. சோப்பில் தேய்த்து, கொதிநீரில் போட்டெடுத்தால் பழையபடி ஆகிவிடும். கண்ணாடியையும் பீங்கானையும் வெதுவெதுப்பான நீரில் தொடங்கிச் சிறுகச் சிறுகச் சூடேற்றுங்கள். குளிர்ந்த கோப்பையைக் கொதிநீரில் போட்டால் உடையும். அலுமினியத்துக்குப் பிளீச்சிங் வேண்டாம், கறுத்து அரித்துவிடும். மர அகப்பை, பருப்பு மத்து, காய் நறுக்கும் பலகை மூன்றையும் கழித்துவிடுங்கள்.

17. பீங்கான் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மேல்பூச்சில் மயிரிழை போன்ற கோடுகள் வலை பின்னியிருந்தால் நீர் அதன் வழியே உள்ளே போயிருக்கும். அதில் இனிச் சாப்பிட வேண்டாம். பூந்தொட்டிக்கு அடித்தட்டாக வைத்துக்கொள்ளலாம்.

18. ஊறுகாய் ஜாடிக்கு உள்ளும் புறமும் பூச்சு உண்டு, அடிவட்டத்தில் மட்டும் இருக்காது. சூளையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அங்கே பூச்சைத் துடைத்துவிடுவார்கள். அந்த வட்டத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து ஒரு வாரம் காயவிடுங்கள். துணி கட்டி மூடிய ஜாடிக்குள் வெள்ளம் போயிருந்தால் ஊறுகாயைக் கொட்டத்தான் வேண்டும்.

19. மண்சட்டியும் பானையும் பூச்சில்லாதவை, நீரை உறிஞ்சுவதே அவற்றின் இயல்பு. அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. சாக்கடை கலந்த நீரில் ஊறிய சட்டியை மேலே கழுவினால் மட்டும் போதாது. சமையலுக்குப் புதுச்சட்டி வாங்குங்கள். வாங்குகிற காசு நனைந்துபோன இன்னொரு குயவர் வீட்டுக்குத்தான் போகும்.

20. அம்மி, ஆட்டுக்கல், கிரைண்டர் கல் மூன்றையும் சோப்பில் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, கல்லுப்பும் ஒரு பிடி அரிசியும் போட்டு அரைத்து அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். கொத்திய குழிகளில் ஒட்டிய மண் அதோடு வந்துவிடும். கிரைண்டர் மோட்டாரைப் பற்றி 27ஆம் குறிப்பில் பாருங்கள்.

துணி, மரம், காகிதம்

21. சேறான துணியை நேரே சோப்பில் ஊறவைக்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் மண் தெளியும்வரை அலசுங்கள், பிறகு சோப்பு, கடைசியில் சுடுநீர். சாயம் போகும் துணியைத் தனியே வையுங்கள். ஈரத்துணியை மூட்டையாகக் கட்டிப் போட்டால் ஒரே நாளில் கரும்புள்ளி விழும், அது பிறகு எத்தனை வெளுப்பிலும் போகாது. துவைக்க ஆள் இல்லாவிட்டாலும் விரித்தாவது போடுங்கள்.

22. பட்டுப்புடவையை முறுக்கிப் பிழியாதீர்கள். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, வெள்ளைத் துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் உதறி விரியுங்கள். பார்டர் சாயம் உடலில் இறங்காமல் இருக்க மடிப்புகளுக்கு நடுவே வெள்ளைத் துணி வையுங்கள்.

23. கோரைப்பாயைக் கழுவி நிறுத்திக் காயவைத்தால் பிழைக்கும். ஃபோம் மெத்தை பிழைக்காது. இலவம்பஞ்சு மெத்தை மழைநீரில் மட்டும் நனைந்திருந்தால் பஞ்சைப் பிரித்து வெயிலில் உலர்த்தி, அடித்து, புது உறையில் திணிக்கலாம். சாக்கடை நீர் ஏறியிருந்தால் அதையும் கழித்துவிடுங்கள்.

24. கதவு ஊதிக்கொண்டு மூடவில்லை என்றால் உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். மரம் காய்ந்ததும் சுருங்கும், இழைத்த இடத்தில் இடைவெளி விழுந்துவிடும். இரண்டு மாதம் பொறுங்கள். கட்டில், மேசை, பீரோ இழுப்பறைகளைக் கழற்றி, செங்கல் மேல் தூக்கி வைத்து, நிழலில் காயவிடுங்கள். சுள்ளென்ற வெயிலில் போட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். மரத்தூள் பலகை அலமாரி ஒரு முறை ஊதினால் திரும்பாது, அதைத் தூக்கிப் போடுவதே மேல்.

25. பத்திரம், பட்டா, மதிப்பெண் சான்றிதழ் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கட்டாகவே நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மின்விசிறிக் காற்றில் ஓரமாகத் தானாகப் பிரியவிடுங்கள். நிறைய இருந்து நேரம் இல்லாவிட்டால் பாலித்தீன் பையில் போட்டு, கரன்ட் உள்ள உறவினர் வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த காகிதம் கெடாது, ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். நனைந்த ரூபாய் நோட்டை வங்கிக் கிளையில் மாற்றிக்கொள்ளலாம். தொலைந்த குடும்ப அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

26. ஆல்பத்தில் நனைந்த பழைய புகைப்படங்களை ஈரமாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள், காய்ந்துவிட்டால் படமும் தாளும் ஒன்றாகிவிடும். படத்தின் முகத்தை விரலால் தொடாமல் சுத்த நீரில் அலசி, ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். எடுக்க வராத படத்தை இருக்கிற நிலையிலேயே போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

27. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எதையும் "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். நனைந்த காயிலைக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைக்கும், போட்டுப் பார்த்தால் அந்த நொடியிலேயே கருகும். மோட்டாரை வைண்டிங் கடையில் கொடுத்துப் பிரித்துக் கழுவி, சூட்டில் உலர்த்தி வார்னிஷ் போடச் சொல்லுங்கள். பைக்கும் அப்படித்தான். ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். இன்ஜின் ஆயில் பால் நிறமாகியிருந்தால் உள்ளே நீர் போய்விட்டது என்று பொருள்.

சுவர் காய வேண்டும்

28. ஜன்னலைத் திறப்பதற்கும் நேரம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் இரவுக் காற்றே ஈரம். இரவெல்லாம் திறந்துவைத்தால் பனி உள்ளே இறங்கும். வெயில் ஏறிய பிறகு பத்து மணிக்குத் திறந்து, மாலை நாலரைக்கு மூடுங்கள். கரன்ட் வந்து வயரிங்கைச் சோதித்த பிறகு, எதிரெதிர் ஜன்னல்களில் ஒன்றில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் ஈரக்காற்றைத் தள்ளிவிடும். பீரோ, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கதவைத் திறந்தே வையுங்கள். சுவரோரம் நெருப்பு மூட்டிக் காயவைக்காதீர்கள். மேற்பூச்சு மட்டும் காய்ந்து வெடிக்கும், பச்சைப் பொம்மைக்கு நேர்வதே அதற்கும் நேரும்.

29. ஒரு நாள், இரண்டு நாளிலேயே பூசணம் தொடங்கிவிடும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அதன் தூள் வீடெங்கும் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்பு நீரைத் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியையும் எறிந்துவிடுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அந்த அறைக்குள் வரவேண்டாம்.

30. சில வாரத்தில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கண்டு பயப்படாதீர்கள், உள்ளேயிருந்து ஈரம் வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம் அது. தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். பூப்பது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

31. சுவர் காய்ந்ததா என்று கண்டுபிடிக்க ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை, நீர் நின்ற உயரத்துக்குள், நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் பதியுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா? இன்னும் பொறுக்க வேண்டும். வறண்டிருந்தால் மூன்று நான்கு இடங்களில் சோதித்த பிறகு பெயின்டரைக் கூப்பிடுங்கள்.

32. டிசம்பரில் வெள்ளம், ஜனவரி நடுவில் பொங்கல். ஆறு வாரத்தில் வீட்டைப் புதிதாக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். இந்த ஒரு பொங்கலுக்குப் பட்டியும் எமல்ஷனும் வேண்டாம், அவை சுவரின் மூச்சை அடைக்கும். உரிந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், பூசணத்தையும் தடுக்கும். கோடை முழுக்கக் காயட்டும், பெயின்டை வைகாசிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நனைந்த ஃபோமையும் பிளாஸ்டிக்கையும் போகியில் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை நஞ்சு.

வீட்டோடு பட்டறை இருந்தால்

33. நனைந்த பிளாஸ்டர் அச்சுகளைச் சூளைப் பக்கம் வைத்து அவசரமாகக் காயவைக்கக் கூடாது. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அச்சு மாவாக உதிரத் தொடங்கும். ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டி, சட்டத்தின் மேல் நிறுத்தி, விசிறிக் காற்றில் காயவிடுங்கள். பிரித்துக் காயவைத்தால் வளைந்து பொருந்தாமல் போகும். கரைந்துபோன பச்சை விளக்குகளின் களிமண்ணில் வண்டலும் சுண்ணாம்புக் கல்லும் கலந்திருந்தால் அதை வார்ப்புக் குழம்பில் சேர்க்காதீர்கள், சுட்ட பிறகு பொரிந்து வெடிக்கும். சேறு புகாத மூட்டை மண்ணை ஊறவைத்துச் சலித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். சூளையின் செங்கல்லும் நீர் குடித்திருக்கும். கதவைத் திறந்து பல நாள் ஆறப்போட்டு, முதல் தடவை சரக்கே அடுக்காமல், நீர் ஆவியாகும் அளவு சிறு சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருந்து மெல்ல ஏற்றுங்கள். மின்சூளையாக இருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்ச் போடாதீர்கள். குப்பையில் குவிந்திருக்கும் உடைந்த ஜாடி, கோப்பை, அகல் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் தேங்கும் கையளவு நீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு வளர்ந்து பறந்துவிடும்.

கடைசியாக இரண்டு

34. வீடு கழுவியவர்களின் உடம்பை ஒரு மாதம் கவனியுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் காயத்தின் வழியே உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் காட்டும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கண்ணில் மஞ்சள் தெரிந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "வெள்ளத் தண்ணீரில் நின்றேன்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அந்த ஒரு வரி சிகிச்சையை விரைவாக்கும். உடம்பைப் போலவே மனசுக்கும் ஓய்வு கொடுங்கள். பெரியவர்களை எதையும் கழிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொள்வதால் வீடு கெட்டுவிடாது.

35. சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் வெள்ளம் நின்ற உயரத்தை அளந்து, கதவு நிலையின் உட்பக்கம் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதுங்கள். சுவரிலுள்ள கறை மறைந்துவிடும், இந்தக் கோடு மறையக் கூடாது. சுவிட்ச் போர்டு, மீட்டர், பத்திரப் பெட்டி, அரிசிக் குதிர், பிளாஸ்டர் அச்சு எல்லாம் அடுத்த ஐப்பசிக்குள் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறிவிட வேண்டும். சூளை ஆறாமல் கதவைத் திறக்காத ஊர் நம் ஊர். அந்தப் பொறுமையை இந்த ஒரு வருடம் வீட்டுக்கும் கொடுங்கள். அடுத்த கார்த்திகைக்கு அகல் ஏற்றும்போது, விளக்கடியில் சுவர் உலர்ந்திருக்கும்.